பால்கோவாவுக்கு ஏற்ற ஹேஷ்டேக்

(மடவார் வளாகத்தில் கூடிய மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பால்கோவாவின் சுவையைப் பற்றிப் பேச நாம் இங்கு வரவில்லை. அதனை நீங்களே படம் பிடித்தும் எழுதியும் கைபேசி வாயிலாக வெளியிட்டு வருகின்றீர்கள். எழுதியது வாங்குவோர் கண்ணில் படவில்லை என்பதே உங்கள் குறை. அக்குறையில் பெரும் பங்கு, எழுதியதன் அடியில் இடும் ஹேஷ்டேக்கைச் சார்ந்தது என்று கருதுகிறோம்.

ஒரு சொல்லின் முன் # என்னும் குறியை இடுவதே ஹேஷ்டேக். கிறிஸ் மெசினா என்னும் அமெரிக்கர் 2007 ஆகஸ்டு 23 அன்று டுவிட்டரில் இம்முறையைக் கூறினார். அவ்வாண்டு அக்டோபரில் சான் டியாகோ பகுதியில் காட்டுத் தீ பரவியபோது, மக்கள் ஒரே சொல்லை இட்டுச் செய்தி பரிமாறிக்கொண்டனர். முறையும் வேரூன்றத் தொடங்கிற்று. நம் வாரச் சந்தையில் வெற்றிலைக்கு ஒரு வரிசை, கருவாட்டுக்கு ஒரு வரிசை இருப்பது போன்றதே இது. கருவாட்டு வரிசையில் பால்கோவாவை வைத்துவிட்டு, வாங்க ஆளில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

இத்தவற்றை நாமே ஒருமுறை செய்தோம். புகழ் பெற்ற சொற்களையெல்லாம் அடுக்குமாறு ஒரு குழுவினருக்கு யோசனை கூறினோம். நடிகர் பெயர், கிரிக்கெட், 'உணவு', 'இந்தியா' என்று அவர்களும் அடுக்கினர். படத்தைப் பார்த்தவர் சிலர் கூடினர். ஒரு டப்பாகூட விற்கவில்லை. 'உணவு' என்னும் வரிசையில் உலகத்தார் யாவரும் ஓயாது படங்களை வந்து கொட்டுகின்றனர். நம் படம் அடுத்த கணமே அடியில் புதைந்து போகிறது.

ஆகவே, ஒரு சொல்லைத் தேர்ந்தவுடன் இட்டுவிடாதீர்கள். முதலில் அச்சொல்லைத் தேடிப் பாருங்கள். அங்கே குடியிருப்பவர் யார் என்று தெரியும். மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களின் பொருள்களுக்கு 'மதி' என்று அழகிய பெயர் சூட்டியிருக்கிறது. அதைத் தனியே இட்டால் நிலவைப் பாடுவோரும், மதி என்னும் பெயருடையோரும் அல்லவா வந்து நிற்பர்? 'வைத்தியநாதர்' என்றாலோ, சீர்காழியை அடுத்த வைத்தீசுவரன் கோயிலும், ஜார்க்கண்டின் தேவகர் கோயிலும் உடன் வரும். நம் ஊர்க் கோயிலைத் தேடுபவர் அக்கூட்டத்தில் வழி தவறிவிடுவார்.

இனி எழுத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் இடைவெளியைப் பொறுக்காது. '#மடவார் வளாகம்' என்று பிரித்து எழுதினால் 'மடவார்' மட்டுமே ஹேஷ்டேக் ஆகும். மடவார் என்றால் பெண்கள். ஊர் வெளியே நின்றுவிடுகிறது! '#மடவார்வளாகம்' என்று சேர்த்தே எழுதுங்கள். 'விளாகம்' என்று எழுதுவோரும் உளர். அதையும் ஒருமுறை இடலாம். ஆங்கிலத்திலோ 'புத்தூர்' என்பதில் சிலர் டி, எச் எழுத்துகளையும் சிலர் இரண்டு டி எழுத்துகளையும் இடுகின்றனர். இலக்கணப்படி 'ஸ்ரீவில்லிபுத்தூர்ப்பால்கோவா' என ஒற்று மிகுதல் வேண்டும். நமக்கும் அதுவே விருப்பம். ஆயினும் பால்கோவா வேண்டுபவர் எவரும் அந்த 'ப்'பை இட்டுத் தேடுவதில்லை. எனவே ஒற்றை விட்டுவிடுங்கள், தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.

இன்னொரு சங்கடம் கண்ணுக்கே புலப்படாதது. 'ஸ்ரீ' என்னும் எழுத்தைக் கணினியில் இரு வகையாக அமைக்கலாம்: 'ஸ' கொண்டும் அமைக்கலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' கொண்டும் அமைக்கலாம். பார்வைக்குப் பெரும்பாலும் இரண்டும் ஒன்றே; கணினிக்கோ வேறு வேறு சொற்கள். ஒரே தெருவில் இரு குழுவினர் ஒரே ஹேஷ்டேக்கை இட்டதாக எண்ணிக்கொண்டு, இரு வேறு வரிசைகளில் கடை விரித்திருக்கக் கூடும். ஒருவர் அடித்ததை மற்றவர் நகல் எடுத்து ஒட்டிக்கொள்வதே இதற்கு வழி.

ஊர்ப் பெயரைக் காப்பது பற்றியும் கேட்டீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. வேற்றூர்ச் சரக்கை அப்பெயரால் விற்பதைத் தடுக்க 1999-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கும். ஹேஷ்டேக்கையோ எவரும் எடுத்தாளலாம். அதற்குப் பூட்டு கிடையாது. (திண்டுக்கல் பூட்டும் அதே 2019-ல்தான் குறியீடு பெற்றது!) ஆதலின் ஊரும் பண்டமும் சேர்ந்த ஹேஷ்டேக்குடன், உங்கள் குழுவின் பெயரையும் தனி ஹேஷ்டேக்காக ஒவ்வொரு முறையும் இடுங்கள். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை உங்களையே தேடி வருவதற்கு அதுவே அடையாளம். ஆடிப்பூரம், தீபாவளி நாட்களில் மட்டும் அப்பருவத்துக்குரிய சொல்லொன்றைக் கூட்டலாம். நான்கைந்து போதும்.

வரும் வெள்ளிக்கிழமை குழுவுக்கொருவர் கைபேசியுடன் ஒன்றிய அலுவலகத்துக்கு வாருங்கள். எவர் கைபேசியில் எந்த 'ஸ்ரீ' இருக்கிறது என்பதை முதலில் ஒத்துப் பார்த்துவிடுவோம்.