நின்ற வண்டியும் கார்ப்பரேட்டரும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். என்னைப் போய் கார்ப்பரேட்டர் பற்றிப் பேசச் சொன்னது ஏன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். போன ஜூன் மாதம் பேஸ்மென்ட்டில் பெட்ரோல் வாடை வந்ததே, அது என் வண்டியால்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரை மணி. தண்ணீர் மோட்டார் போட வாட்ச்மேன் கீழே இறங்கியிருக்கிறார். வாடை அடித்ததும் சுவிட்சில் கை வைக்காமல் நேராக மேலே வந்து என் வீட்டு பெல்லை அடித்தார். "சார், உங்க வண்டிக்கு அடியில ஈரமா இருக்கு" என்றார். ஓடிப் போய்ப் பார்த்தால், டேங்க்கில் இருந்த ஒரு லிட்டர் பெட்ரோலும் தரையில். மோட்டார் ரூம் அங்கிருந்து எட்டடி தூரம்.

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. சமையல் கேஸ் மாதிரி அதுவும் தரையோடு பரவி, பள்ளமான இடத்தில் தங்கும். பேஸ்மென்ட்டே ஒரு பள்ளம்தானே. சுவிட்ச் போடும்போது வருகிற சின்னப் பொறி போதும். அவர் அன்று பழக்கத்தில் சுவிட்சைத் தட்டியிருந்தால், இன்று நாம் வேறு காரணத்துக்காகக் கூடியிருப்போம்.

தப்பு என்னுடையது. 1998-ல் வாங்கிய 100 சிசி பைக். முழங்கால் வலி வந்த பிறகு ஆறு மாதம் தொடவே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ஆசைப்பட்டு டேப்பைத் திறந்து கிக்கரை இருபது தடவை உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. அலுத்துப்போய் மேலே வந்துவிட்டேன். டேப்பை மூடவில்லை.

மூடாவிட்டால் ஏன் வழிகிறது? மொட்டைமாடி டேங்க்கில் பால் வால்வு பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏற ஏற மிதவை மேலே வந்து வரத்தை அடைக்கும். கார்ப்பரேட்டரிலும் அதேதான். அடியில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஃபுளோட், அதன் மேல் ஒரு ஊசி. கிண்ணம் நிறைந்ததும் ஊசி பெட்ரோலை அடைக்கும். ஊசி உட்காரும் இடத்தில் ஒரு தூசி சிக்கினாலும் அடைபடாது. டேங்க் காலியாகும் வரை வழியும்.

தூசியும் பிசினும் வருவது நின்ற வண்டியில்தான். பெட்ரோல் மெல்ல ஆவியாகி, அடியில் வார்னிஷ் போலப் படியும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீர் தனியாகப் பிரிந்து கீழே தங்கும்.

வங்கியில் டேலி ஆகாத நாளில் எல்லா லெட்ஜரையும் புரட்ட மாட்டோம். முதலில் வித்தியாசத்தைப் பார்ப்போம். அது ஒன்பதால் வகுபட்டால், 63-ஐ 36 என்று மாற்றி எழுதியிருக்கிறோமா என்று தேடுவோம். வண்டியிலும் அப்படித்தான். அறிகுறியே பாதி வழியைக் காட்டிவிடும்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது, ஐட்லிங் நிற்கவில்லை என்றால், பைலட் ஜெட்டில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அதன் துளை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது.

ஐட்லிங் நன்றாக இருக்கிறது, முறுக்கினால் இழுக்காமல் திணறுகிறது என்றால், மெயின் ஜெட்டைப் பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை, பிளக்கில் கரி என்றால், சோக் சிக்கியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம்.

குழாய் வழியாகப் பெட்ரோல் சொட்டினால், என் கதைதான். ஃபுளோட் ஊசி.

ஆனால் கார்ப்பரேட்டரைக் கழற்றும் முன் சும்மா பார்க்க வேண்டியவை சில உண்டு. டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா? டேப் திறந்திருக்கிறதா? ஏர் ஃபில்டர் சுத்தமா? சிரிக்காதீர்கள், ஒரு தடவை ரிசர்வில் கூடப் பெட்ரோல் இல்லாமல் அரை மணி உதைத்தவன் நான்.

அடுத்தது கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூ. இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், டேப்பை மூடிவிட்டு, அதைத் தளர்த்திப் பழைய பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிஷம் வையுங்கள். அடியில் தண்ணீர் கோடு தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. டேங்க்கையும் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும்.

என் வண்டி ஆகவில்லை. கிண்ணத்தைக் கழற்றினேன். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டேன். காற்று ஸ்குரூவை எடுக்கும் முன் மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் எழுதினேன். அந்த எண் இல்லாமல் திரும்பப் பொருத்துவது கஷ்டம். ஜெட் பித்தளை, மெத்தென்றிருக்கும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் மைலேஜ் போச்சு. கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, காற்று அடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசியின் நுனியில் வளையம் போலத் தேய்ந்திருந்தது. புது ஊசி வாங்கிப் போட்டேன். அதன் பிறகு சொட்டவில்லை.

இதைச் செய்யத் தைரியம் இல்லாதவர்கள் டிரெயின் ஸ்குரூவோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் விடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் கிட்டத்தட்ட எல்லாம் ஃபியூயல் இன்ஜெக்ஷன். அவற்றை நீங்கள் திறக்கவே வேண்டாம்.

கடைசியாக, சங்கத்தின் சார்பில் சில வேண்டுகோள்கள். வண்டியை இரண்டு நாளைக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடுங்கள். மாதக்கணக்கில் என்றால் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பேஸ்மென்ட்டில் கார்ப்பரேட்டர் வேலை கூடாது. வெளியே, விளக்கு, பீடி, ஊதுவத்தி எதுவும் அருகில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். பவுடர் வகைத் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், வீட்டுக்குள் பாட்டிலில் வைக்காதீர்கள். மூடி போட்ட தகர டப்பாவில் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் வாட்ச்மேனைக் கூப்பிடுங்கள்.

கூட்டம் முடிந்து போகும்போது நம் பேஸ்மென்ட்டில் மாதக்கணக்கில் தூசி படிந்து நிற்கும் வண்டிகளை ஒரு தரம் பாருங்கள். உங்களுடையது இருந்தால் டேப் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அன்று சுவிட்சில் கை வைக்காத அந்தத் தம்பி வாசலில்தான் இருக்கிறார். அவருக்கு இந்த மேடையிலிருந்து என் நன்றி.