பழங்கதை நூல்களைப் பேணுவோம்



வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மேடையில், படங்கள் நிறைந்த பழங்கதை நூல்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 1822இல் இலண்டனில் அச்சேறியது. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. பின்னர், மரத்தில் செதுக்கி அச்சிட்ட படங்களோடு, 'பெரிய எழுத்து' விக்கிரமாதித்தன் கதை முதலியவை மலிவு விலையில் எளியோர் கைகளை அடைந்தன. 1947 சூலையில் 'அம்புலிமாமா' பிறந்தது. வாளேந்திய மன்னன் வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் சங்கரின் ஓவியத்தை நம்மில் யார் மறப்பர்?

எழுத்து ஏன் பெரிதாக இருந்தது? மங்கிய விளக்கொளியில் எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் படிப்பதற்கே! நாம் சிறுவராயிருந்தபோது, பள்ளி வாசலை மிதிக்க வாய்க்காத முதியவர் ஒருவர் நம் தெருவில் இருந்தார். பண்ருட்டிச் சந்தையில் வாங்கிய பெரிய எழுத்து நூல் ஒன்றைக் கொண்டே அவர் எழுத்தறிந்தார். முந்திரித் தோப்பு வேலை முடித்து வந்தோர் சூழ்ந்திருக்க, இரவில் அவர் உரக்கப் படிப்பார். நாம் படம் பார்ப்போம். நமக்கு அதுவே முதற்பள்ளி. அவர் மறைந்தபின் கூரை ஒழுகிற்று, கரையான் அரித்தது, நூல் குப்பைக்குச் சென்றது. கையருகில் இருந்தும் நாம் காவாது விட்டோம். ஆசிரியரான பின்னரே இழந்தது யாதென உணர்ந்தோம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பிறர் கழித்த நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும்கூட அவர் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தார். அத்திரட்டைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

நமக்கோ இது பொழுதுபோக்கன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழின் பழந்தாள்களைச் சிலர் பேணியமையால் அன்றோ, 1999இல் அவர்தம் சிந்தனைகள் நூற்றொகுதிகளாக வெளிவந்தன! பேணாதவை எத்தனையோ?

இளைஞர்களே! வீட்டுப் பரணைத் தேடுங்கள். கிடைக்கும் கதை நூலைப் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், ஈரம் படாது வையுங்கள். அதனை யார் வாங்கினார், யார் படித்துக் காட்டினார் என்பதைத் தனி ஏட்டில் எழுதுங்கள். சங்கத்தில் அதற்கென ஓர் அலமாரி அமைப்போம். படிக்கத் துடித்த நம் முன்னோரின் கைத்தடம் அத்தாள்களில் உள்ளது. அதனை அழியாது காப்போம்.