கால் ஊன்றாத ஆறு வாரங்கள்

(நன்கொடையாளருக்கு நன்றி நவிலும் மாலையில் ஆலயத் திருமண மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றுகொண்டே பேசிப் பழகியவன் நான். இன்று உட்கார்ந்து பேச அனுமதி கேட்டேன். தலைவர் அவர்கள் ஒலிவாங்கியைத் தாழ்த்திக் கொடுத்திருக்கிறார்கள். காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். பிரதோஷத்திற்கு முதல் நாள் ஈரச்சந்தைக்குச் சென்று, நந்தி பெருமானுக்கு அருகம்புல் மாலைக்குச் சொல்லிவிட்டு, கையில் நான்கு தேங்காயுடன் படியிறங்கினேன். படியில் தண்ணீர். கால் மடங்கிற்று. நான் தரையில் கிடந்தபடி, உருண்டோடிய தேங்காய்களைப் பார்த்து, "நல்லவேளை, ஒன்றும் உடையவில்லை" என்று சொன்னேனாம். பூக்கடைக்காரர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

கணுக்காலின் இருபுறமும் தொட்டுப் பார்த்தால் இரண்டு மேடுகள் தெரியும். இரண்டும் இரண்டு தனித்தனி எலும்புகளின் கீழ்முனைகள். எனக்கு இரண்டுமே முறிந்திருந்தன. வீக்கம் வடியும்வரை ஐந்து நாள் காத்திருந்து, வெளிப்புறத்தில் ஓர் உலோகத் தகடும், உட்புறத்தில் இரண்டு திருகாணிகளும் வைத்துச் சேர்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னது ஒன்றுதான்: ஆறு வாரத்துக்கு அந்தக் காலில் சிறிதும் பாரம் ஏற்றக்கூடாது. எனக்கு நீரிழிவு இருப்பதால் புண் ஆறுவதில் கூடுதல் கவனம் வேண்டும். காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்திருக்க வேண்டும். அசையாத காலில் இரத்தம் உறையக்கூடும், ஆகவே விரல்களையும் முழங்காலையும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தமிழாசிரியன் அல்லவா, படுத்த படுக்கையிலும் சொல்லாராய்ச்சி போகவில்லை. கணுக்காலுக்குப் 'பரடு' என்றொரு பழைய பெயர் உண்டு. கயிலையை நோக்கி நடந்த அப்பர் பெருமானின் பாதங்கள் பரட்டளவும் தேய்ந்துபோயின என்று சேக்கிழார் பாடுகிறார். பாதம் தேய்ந்தபின் கைகளால் தவழ்ந்தார், பிறகு மார்பால் உந்தினார், பிறகு புரண்டார். வகுப்பில் இதை நடத்தியபோதெல்லாம் "பரடு என்றால் கணுக்கால்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். என் படுக்கையிலிருந்து குளியலறை பதினான்கு அடி. அதைக் கடக்க எனக்கு ஒரு முழுப் பாட்டும் உரையும் படிக்கும் நேரம் ஆயிற்று.

குளியலறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. மன்னிக்கவும். பழைய வீவக வீடுகளில் குளியலறை வாசலில் ஒரு திட்டு இருக்கும். நான்கு அங்குல உயரம். அந்த வீட்டுக்குக் குடிவந்த 1985 முதல் அப்படி ஒன்று இருப்பதாகவே நான் கருதியதில்லை. ஒற்றைக் காலில், நடைச் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த நான்கு அங்குலத்தைத் தாண்டக் குதிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, காலைக் குப்பைப் பையில் நுழைத்து, ரப்பர் வளையத்தால் இறுக்கி, என் துணைவியார் தண்ணீர் ஊற்றுவார். அவருக்கும் அறுபத்து மூன்று வயது, முழங்கால் வலி. முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணை மூடினால் தலை சுற்றும், திறங்கள்" என்றார். இரவில் கழிப்பறைக்கு அவரை எழுப்பக் கூசி, மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அது தவறு என்று தாதி வந்து கண்டித்தார்.

முதியோர் வீடுகளில் கைப்பிடிக் கம்பிகளும் வழுக்காத தரைப்பூச்சும் சிறு சாய்தளங்களும் பொருத்தித் தரும் 'ஈஸ்' என்னும் திட்டத்தை வீவக 2012இல் தொடங்கியது. செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. 65 வயதானபோதே நான் விண்ணப்பித்திருக்கலாம். 'அதெல்லாம் வயதானவர்களுக்கு' என்று அப்போது எண்ணினேன்.

மின்தூக்கியையும் நன்றியோடு நினைக்கிறேன். நாங்கள் குடிவந்த காலத்தில் அது முதல் மாடி, ஐந்தாவது, ஒன்பதாவது மாடிகளில் மட்டுமே நிற்கும். நாங்கள் ஏழில். ஐந்திலிருந்து ஏறலாம், அல்லது ஒன்பதிலிருந்து இறங்கலாம். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் எங்கள் புளோக்கிற்கும் வந்தபின்தான் ஒவ்வொரு மாடியிலும் நின்றது. அந்தத் திட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, இரண்டு மாடி ஏறினால் உடம்புக்கு நல்லதுதானே என்று நான் பேசியதும் நினைவிருக்கிறது. நான் அப்படித்தான் பேசுவேன்.

சக்கர நாற்காலி தந்தவர் எதிர்வீட்டு மலாய் மாது. காலமான தம் கணவருடையதை அலமாரியின் பின்னாலிருந்து எடுத்து, துடைத்து, தாமே தள்ளிக்கொண்டு வந்தார். கீழ்மாடிச் சீன நண்பர், அறுவைப் புண் ஆற 'ஹருவான்' மீன் சூப்பைப்போல் வேறில்லை என்றார்; ஹருவான் என்பது நம் விரால். நான் சைவம் என்றதும் என் எலும்புகளுக்காக உண்மையாகவே வருந்தினார். என் துணைவியார் பிரண்டைத் துவையலை நாள்தோறும் வைத்தார். எலும்பு எதனால் ஒட்டிற்று என்று எனக்குத் தெரியாது. துவையல் நாக்கை அரித்தது மட்டும் தெரியும்.

அன்பர்களே, இதுவரை சொன்னது யாருக்கும் வரக்கூடியது. நான் இங்கே சொல்ல வந்தது வேறு.

மூன்றாம் வாரத்தில் ஒரு பிற்பகல், கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, 2016ஆம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அன்று முன்வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னுடையது. ஒரு பெண்மணி தம் தாயாரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார். உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டார். நான் மரியாதையாகத்தான் பேசினேன். "தெருவில் ஓடிய சக்கரம் கொடிமரத்தைத் தாண்டக் கூடாதம்மா, இங்கிருந்தே கும்பிடட்டும், தீபாராதனைத் தட்டை நானே கொண்டுவருகிறேன்" என்றேன். கொண்டும் வந்தேன். அந்த மூதாட்டி கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு, "பரவாயில்லை தம்பி" என்றார். எனக்கு அப்போது 58 வயது. தம்பி என்று அழைத்தது பிடித்திருந்தது. உதவி செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சாய்வுப்பாதை அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை நம் நிர்வாகக் குழுவுக்கு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் கூட்டக் குறிப்பு எழுதிய செயலாளர் நான்தான். 'இதர விவகாரங்கள்' என்ற தலைப்பின்கீழ், 'பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று எழுதினேன். மகனிடம் சொல்லி அந்தக் குறிப்பேடுகளை வீட்டுக்கு வரவழைத்துப் பார்த்தேன். என் கையெழுத்து இரண்டு இடத்திலும் மிக அழகாக இருந்தது.

ஐந்தாம் வாரம், பிரதோஷத்தன்று, டாக்சியில் ஏற்றி என்னை இங்கே அழைத்து வந்தார்கள். முன்வாசலின் மூன்று படிகளுக்குக் கீழே நாற்காலி நின்றது. என்னைக் கண்டதும் நான்கு இளைஞர்கள் ஓடிவந்தார்கள். "சார், நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். கீழே போட்டுவிடுவார்களோ என்ற பயம் ஒரு காரணம். மற்றொன்று, அந்த அம்மாளுக்கு நான் நான்கு பேரைக் கூப்பிடவில்லை.

ஆகவே, நான் அவரை உட்காரச் சொன்ன இடத்தில் நானும் உட்கார்ந்தேன். அங்கிருந்து என்ன தெரியும் என்று சொல்கிறேன். நாற்காலியில் அமர்ந்தவரின் கண் நான்கடி உயரத்தில் இருக்கிறது. அதுவும் மூன்று படிக்குக் கீழே. முன்னால் நிற்பவர்களின் இடுப்பும் கைப்பைகளும் தெரியும். கூட்டம் விலகினால் உண்டியல் தெரியும். அதற்கும் அப்பால் நெய்விளக்கு விற்கும் மேசை தெரியும். மூலவர் தெரியமாட்டார். கருவறை விளக்கின் ஒளிகூடத் தெரியாது. மணி அடிப்பது கேட்கும். எல்லாரும் கைகளை உயர்த்துவார்கள். அதைப் பார்த்து நாமும் உயர்த்த வேண்டியதுதான். 'இங்கிருந்தே கும்பிடட்டும்' என்று நான் சொன்ன இடம் இதுதான்.

திருநாளைப்போவார் நாயனார் திருப்புன்கூரில் வெளியே நின்று ஏங்கியபோது, இறைவன் நந்தியை விலகச் சொன்னார் என்பது பெரிய புராணம். அவரை வெளியே நிறுத்தியது சாதி. அதை இதனோடு ஒப்பிடுவது சரியன்று. அவர் பட்டது வேறு, மிகப் பெரிது. ஆனாலும் அந்த வரலாற்றை எத்தனை ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்! நந்தி விலகியது என்று சொல்லும்போது என் குரலே கம்மும். அப்படிப்பட்டவன் வாசலில் நின்றுகொண்டு நெய்விளக்கு மேசையைக்கூட நகர்த்தவில்லை. அதற்குத் திருவருள் தேவையில்லை. இரண்டு பேர் போதும்.

மேசையை மறுநாளே நகர்த்தினார்கள். படி அவ்வளவு எளிதன்று. நம் நாட்டில் தடையற்ற அணுகலுக்கான கட்டட விதிமுறை 1990இல் வந்தது. நம் முன்வாசல் அதற்கு முந்தியது. சாய்வுப்பாதை ஓர் அங்குலம் ஏறப் பன்னிரண்டு அங்குலம் நீள வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுபவர் திணறுவார், இறங்கும்போது நாற்காலி ஓடிவிடும். முன்வாசலின் மூன்று படிகளும் சேர்ந்து பதினெட்டு அங்குலம். அப்படியானால் பதினெட்டடி நீளம் வேண்டும். வாசலிலிருந்து வடிகால் வரை நமக்கு இருப்பதோ பதினோரு அடி. கிழக்குப் பக்கவாயிலில் ஒரே படி, ஆறு அங்குலம். அங்கே ஆறடி போதும். இந்தக் கணக்கைப் போட எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பும் ஐந்து நிமிடம்தான் பிடித்திருக்கும்.

சாத்திரம் என்ன சொல்லும் என்ற கேள்வி எழும் என்று தெரியும். நானே எழுப்பியவன். தலைமைக் குருக்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் திருநீற்றை என் நெற்றியில் இட்டுவிட்டு, "உற்சவரின் வாகன வண்டிக்கே சக்கரம் இருக்கிறதே ஐயா, அது உள்ளேதானே நிற்கிறது? கழுவித் துடைத்து விடுங்கோ" என்றார். "இந்தக் கால்கட்டு பூட்ஸ் மாதிரி இருக்கிறதே?" என்றேன். "அதன்மேல் புதுத் துணி ஒன்று சுற்றிக்கொள்ளுங்கோ. இத்தனை வருஷமாக என்னிடம் யாருமே கேட்கவில்லை" என்றார்.

உண்மைதான். நாங்கள் யாரும் கேட்கவில்லை. கூடாது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஏழாம் வாரம் கால் ஊன்றினேன். கெண்டைக்கால் சதை பாதியாய்ப் போயிருந்தது. இயன்மருத்துவர் குளியலறைத் துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, கால்விரல்களால் சுருட்டச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கைப்பழக்கம் சொல்லிக்கொடுத்தவனுக்குக் கால்பழக்கம்! மாலையானால் கணுக்கால் இன்னும் வீங்குகிறது. குளிர்சாதன அறையில் அந்தத் தகடு இருக்குமிடம் தெரிகிறது.

அந்த அம்மாளைத் தேடினேன். அர்ச்சனைச் சீட்டில் பெயரும் நட்சத்திரமும்தான் எழுதுவோம். 2016ஆம் ஆண்டுச் சீட்டுகள் எப்போதோ போய்விட்டன. மகளின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. "பரவாயில்லை தம்பி" என்ற குரல் மட்டும் இருக்கிறது. அந்த மகள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், அல்லது அவரைத் தெரிந்தவர் யாராவது இருந்தால், ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் வந்து பார்க்கிறேன்.

கிழக்கு வாயிலில் சாய்வுப்பாதை முடிந்துவிட்டது. போகும்போது எல்லாரும் ஒருமுறை அதில் நடந்து பாருங்கள். உங்கள் நன்கொடையில்தான் அது கட்டப்பட்டது. உள்ளே மட்டும் ஓடும் சக்கர நாற்காலிகள் இரண்டு அந்த வாயிலருகே நிற்கின்றன. சொந்த நாற்காலியில் வருபவர் அவற்றுக்கு மாறிக்கொள்ளலாம், மாற இயலாதவருக்குச் சக்கரத்தைக் கழுவித் தர அங்கேயே குழாய் இருக்கிறது. சுவரில் அழைப்புமணி உண்டு. மணி அடித்தால் வருவதற்குத்தான் ஆள் போதவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாலை 6 முதல் 9 வரையும், பிரதோஷ நாட்களில் மாலை 4 முதலும் ஆண்கள் இருவர், பெண்கள் இருவர் தேவை. எனக்குப் பயிற்சி தந்த இயன்மருத்துவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒருவரை எப்படித் தாங்கி எழுப்புவது, நாற்காலியைச் சரிவில் எப்படிப் பின்புறமாக இறக்குவது என்று சொல்லித்தர இசைந்திருக்கிறார். பெயர் கொடுக்க விரும்புவோருக்காக மண்டபத்தின் வாயிலில் என் துணைவியார் ஏட்டுடன் அமர்ந்திருக்கிறார். கையெழுத்து மட்டும் தெளிவாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.