மஞ்சள் ஸ்டிக்கர் கார்கள்

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அதை ஓட்டுகிறவர்கள்மேல் பலருக்கும் எரிச்சல் இருந்தது. அதில் நியாயமும் இருக்கிறது.

சிக்னலில் பச்சை விழுந்தாலும் சிலர் ஊர்ந்துதான் கிளம்புவார்கள். கண் சாலையில் இருக்காது, மைலேஜ் காட்டும் திரையில் இருக்கும். எஞ்சினைத் தொடாமல் பேட்டரியிலேயே நகர்ந்தால் மிச்சம் என்று நினைப்பு. ஆனால் சாதாரண ஹைபிரிட்டுக்குத் தனியாகச் சார்ஜ் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் திரும்பக் கிடைக்கும். மற்றதை அந்தப் பெட்ரோல் எஞ்சின்தான் தர வேண்டும். பின்னால் வருகிறவர்களோ பிரேக் அடித்து, மறுபடி வேகமெடுத்து, தங்கள் பெட்ரோலைக் கூடுதலாக எரிக்கிறார்கள். அந்தக் கணக்கு எந்தத் திரையிலும் வராது!

அங்கே நெடுஞ்சாலையில் பலர் சேர்ந்து வரும் கார்களுக்கென்று தனித்தடம் உண்டு. 2005 முதல், ஹைபிரிட்டில் ஒருவரே வந்தாலும் அந்தத் தடத்தில் போகலாம் என்று மஞ்சள் ஸ்டிக்கர் கொடுத்தார்கள், மொத்தம் 85,000 கார்களுக்கு. மற்றவர்களின் கோபம் கூடியது. 2011 ஜூலை 1-ல் சலுகை முடிந்தது.

நெரிசல் குறைந்ததா? இல்லை. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். தனித்தடத்திலிருந்து வெளியேறிய ஹைபிரிட் கார்கள் பக்கத்துத் தடங்களை நிறைத்தன. அங்கே வேகம் குறைய, தனித்தடத்திலும் வேகம் குறைந்துவிட்டது.