உள்ளி நடக் கடன் கேட்கும் முன்…

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. உள்ளி விலை ஏறின மாசத்தில்தான் "உள்ளி நடணும், கடன் வேணும்" என்று கேட்டு வர்றாங்க. விலை படுத்துக் கிடக்கும்போது ஒருத்தரும் கேட்கிறதில்லை. இது சரியா என்று சேர்ந்து யோசிக்கத்தான் இந்தப் பேச்சு.

முதலில் பல்லாரியைப் பார்ப்போம். கர்நாடகத்துப் பெல்லாரி ஊர்ப் பெயர்தான் நம்ம வாயில் பல்லாரி ஆகிவிட்டது. தாமிரபரணிப் பாசனத்தில் நமக்குக் காரும் பிசானமும் உண்டு, வாழை உண்டு. தண்ணீர் தேங்கும் வயலில் வெங்காயம் அழுகிப் போகும். அதனால் ஆற்றங்கரை ஊர்க்காரங்க நாம காலங்காலமா வெங்காயத்தை வாங்கித்தான் சாப்பிடுறோம். நயினார்குளம் மார்க்கெட்டில் இறங்குகிற பல்லாரி மூட்டையில் பெரும்பகுதி வெளிமாநிலச் சரக்கு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ரோடும் ரயிலும் அறுபட்டுப் போனதே, தூரத்துச் சரக்கை நம்பி இருக்கிறது எப்படிப்பட்டது என்று அப்போ எல்லோரும் பார்த்தோம்.

நாட்டில் விளைச்சல் குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்தியா முழுக்க விளைந்தது 50 லட்சம் டன்னுக்கும் கீழே. 2021-22-ல் 316 லட்சம் டன். ஆறு மடங்குக்கு மேலே! 2023-24-ல் சரிந்தது என்று சொல்கிறார்களே, அப்பவும் 240 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்தது. கைக்குழந்தை முதல் பாட்டி வரை ஆளுக்குச் சுமார் 17 கிலோ வருது. அதில் கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போகும், கொஞ்சம் காயும், கொஞ்சம் அழுகும். ஆனாலும் பஞ்சம் என்று சொல்லக்கூடிய அளவு இல்லை.

அப்புறம் ஏன் ஐப்பசி, கார்த்திகை வந்தா விலை எகிறுது? வருஷ விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு பங்குனி தொடங்கி வைகாசிக்குள் வந்து குவிந்துவிடும். அந்த ஒரு அறுப்பை வைத்துத்தான் ஐப்பசி வரை ஊர் உலகமெல்லாம் சாப்பிடணும். கிடங்கில் கிடக்கும்போதே கால் பங்குக்கு மேல் முளைத்தும் அழுகியும் எடை குறைந்தும் போய்விடுகிறது. அடுத்த அறுப்பு ஐப்பசியில் வர வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை அடித்தால் வயலிலேயே போச்சு. இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மகாராஷ்டிரா ஒரே மாநிலத்தில் விளைகிறது. நாசிக் பக்கம் லாசல்கான் என்ற ஊர்ச் சந்தையில் காலையில் ஏலம் போகிற விலைதான் நம்ம கடைக்கும் வந்து சேருது.

2018 நவம்பரில் அந்த நாசிக் பக்கத்து விவசாயி ஒருவர் 750 கிலோ வெங்காயம் விற்று 1,064 ரூபாய் பெற்றார். மனசு நொந்து அந்தப் பணத்தைப் பிரதமருக்கே மணியார்டர் பண்ணினார். சுமார் ஒரு வருஷம் கழித்து, 2019 டிசம்பரில், கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்தாங்க. நம்ம சனங்களுக்கு அந்த ருசி பிடிக்கவில்லை, அது வேற கதை.

பதுக்கல்காரங்கதான் காரணம் என்று டி.வி.யில் சொல்வாங்க. அதுவும் உண்டு. ஆனா முழுப் பழியையும் அவங்க மேலே போட முடியாது. அரசாங்கமும் வாங்கி இருப்பு வைக்கிறது. 2023-ல் 5 லட்சம் டன் வாங்க முடிவு செய்தார்கள். மாசம் 15 லட்சம் டன்னுக்கு மேல் செலவாகிற நாட்டுக்கு அது பத்து நாள் பாடு. விலை ஏறினா உடனே ஏற்றுமதிக்குத் தடை. 2019, 2020, 2023 மூன்று தடவையும் அப்படித்தான். தடை பல்லாரிக்கு மட்டும் இல்லை. இலங்கைக்கும் மலேசியாவுக்கும் போகிற நம்ம சின்ன உள்ளியும் அதில் மாட்டிக்கொண்டது. கடைசியாகப் போட்ட தடை 2024 மே மாதம் விலகியது. ஏற்றுமதி வரி 2025 ஏப்ரல் 1 முதல் எடுக்கப்பட்டது.

இப்போ நம்ம கடன் விஷயத்துக்கு வருவோம். ஆலங்குளம், பாவூர்சத்திரம், கீழப்பாவூர் பக்கம் (2019 முதல் அது தென்காசி மாவட்டம்) கிணற்றுப் பாசனத்தில் சின்ன உள்ளி போடுறாங்க. 70 நாள் பயிர். உள்ளியையேதான் விதையா ஊன்றணும். ஏக்கருக்கு 500, 600 கிலோ வேணும். கணக்குப் போட்டுப் பாருங்க. விலை ஏறின சமயம் கிலோ 80 ரூபாய் என்றால் 500 கிலோ விதைக்கு மட்டும் 40,000 ரூபாய். அதே விலையைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டக்காரரும் நடுவார், திண்டுக்கல், பெரம்பலூர்க்காரங்களும் நடுவாங்க. 70 நாள் கழித்து எல்லோருடைய உள்ளியும் ஒண்ணா சந்தைக்கு வரும். 5 டன் எடுத்தாலும் கிலோ 10 ரூபாய்க்குப் போனால் கையில் 50,000. களை, பறிப்பு, தாள் அறுக்கிற கூலி, மருந்து, சாக்கு, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் எங்கே இருந்து வரும்? உள்கடனுக்கு வட்டி மட்டும் மாசாமாசம் தவறாமல் ஏறும்.

நடவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடன் மனு வரும்போது ஊக்குநரும் பிரதிநிதியும் சில கேள்வி கேட்கட்டும். விதை உள்ளி சொந்தமா எடுத்து வச்சதா, இன்றைய விலைக்கு வாங்கப் போறதா? அறுப்பு அடைமழையில் மாட்டுமா? விலை இல்லாவிட்டால் ஒரு மாசம் பட்டறை போட்டு வைக்க மேடான, காற்றோட்டமான இடம் இருக்கா? கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-5 ரகத்தை விதையிலிருந்தே நாற்று விட்டு நடலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ சொச்சம் விதை போதும். நாற்றங்காலில் ஒன்றரை மாசம் கூடுதலா ஆகும், ஆனா விதைச் செலவு பெரிசா குறையும். வேளாண் அலுவலரிடம் கேட்டு, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே நாற்றங்கால் போட்டால் வேலையும் பாதி.

வாங்கித் தின்கிற நம்ம வீடுகளுக்கும் ஒரு யோசனை இருக்கு. சித்திரை, வைகாசியில் நன்கு காய்ந்த பல்லாரியாப் பார்த்துக் குழுவாச் சேர்ந்து மூட்டைக் கணக்கில் எடுக்கலாம். இரண்டு, மூன்று மாசத் தேவைக்கு மேல் எடுக்க வேண்டாம், அழுகினால் நஷ்டம் நமக்குத்தான். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீங்க, உருளைக்கிழங்கோடு சேர்த்துப் போடாதீங்க. பரப்பி வைத்து வாரம் ஒருமுறை புரட்டி, அழுகினதைப் பொறுக்கி எடுத்தாலே போதும்.

எந்தக் குழுவுக்கு எத்தனை மூட்டை வேணும் என்று எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஊக்குநர் கையில் கொடுத்துடுங்க. முன்பணத்தைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டபிறகு வசூல் பண்ணலாம்.