வாயும் உடம்பில்தான் இருக்கிறது
(சுந்தரபாண்டியத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



பல்லைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் சிரித்தார்கள். கூலிப் பிரச்னை இருக்கிறது, தண்ணீர்ப் பிரச்னை இருக்கிறது, இதற்கு நடுவே பல்லா என்று கேட்டார்கள். சிரித்தவர்களும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டொருவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருப்பதையும் பார்க்கிறோம். ஆகவே தைரியமாகவே பேசுகிறோம்.

நடவுக்குப் போகிற ஒரு சகோதரிக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. என்ன செய்கிறாள்? முதலில் உப்புத் தண்ணீர். அப்புறம் கிராம்பு. அதற்கும் கேட்காவிட்டால், பக்கத்தில் நிற்பவள் மடியிலிருந்து ஒரு துண்டுப் புகையிலையைக் கிள்ளிக் கொடுக்கிறாள். வலிக்கிற பக்கம் அதை அடக்கிக்கொள்கிறாள். வலி மரத்துப் போகிறது. நடவு முடிகிறது, கூலி கைக்கு வருகிறது. சொத்தைப் பல் அப்படியே இருக்கிறது. புகையிலை மட்டும் பழகிவிடுகிறது. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அதே கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு படர்கிறது. அது வலிப்பதில்லை. வலிக்காததை யார் பார்க்கிறார்கள்? வலிக்கத் தொடங்கும்போது அது புற்றுநோயாகிவிட்டிருக்கக்கூடும்.

ராத்திரி ஷிப்டில் தூக்கத்தை விரட்டப் பாக்கும் புகையிலையும் போடுகிற மில் தோழர்களுக்கும் இதுதான் கதை. பாக்கு மட்டும்தானே என்று சொல்லாதீர்கள். பாக்கு தனியாகவே வாயை இறுக்கிவிடும். கடைசியில் சோற்றுக் கவளம் நுழைகிற அளவுக்குக்கூட வாய் திறக்காது.

அந்தச் சகோதரி ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை? அறியாமை என்று படித்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. பல்லை அடைப்பதானால் ஒரு நடையில் முடிவதில்லை. பிடுங்குவதானால் ஒரே நடை. ஆகவே ஏழையின் பல் பிடுங்கப்படுகிறது, பணக்காரனின் பல் அடைக்கப்படுகிறது. மில் தொழிலாளிக்கு 1948ல் வந்த சட்டத்தின் பயனாக ஈ.எஸ்.ஐ. என்று ஒன்றாவது உண்டு. வயலில் நிற்பவளுக்கு அதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவளைச் சுகாதார ஊழியர்கள் பார்க்காமலும் இல்லை. ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் வாசலுக்கு வந்தவர் கையில் ரத்தக்கொதிப்பைப் பார்க்கிறார், விரலில் சர்க்கரையைப் பார்க்கிறார். வாயை மட்டும் யார் பார்ப்பது?

சர்க்கரை ஏறினால் ஈறு அழுகுகிறது, பல் ஆடுகிறது. ஈறு அழுகிக் கிடந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இந்த நோயாளியைச் சர்க்கரை டாக்டர் பல் டாக்டரிடம் போகச் சொல்கிறார். பல் டாக்டரோ சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்கிறார். நடுவில் நிற்பவனுக்குப் போய்வருவது இரண்டு நாள் கூலி.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? 1840ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பல் வைத்தியத்துக்கென்று முதல் கல்லூரி திறந்தார்கள், மருத்துவக் கல்லூரிக்கு வெளியே. நம் நாட்டில் 1920ல் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது தொடங்கியதும் தனிக் கல்லூரிதான். 1948ல் பல் வைத்தியர்களுக்குத் தனிச் சட்டம். 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் தனி ஆணையம். படிப்பு தனியாக இருப்பதில் குற்றம் இல்லை. நோயாளி ஒரே ஆள் என்பதை மறந்ததுதான் குற்றம்.

இதை மாற்ற முடியுமா? மலைக்கு அந்தப் பக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ல் தொடங்கி, 35 வயது தாண்டிய சுமார் 1 லட்சத்து 91 ஆயிரம் பேரை இரண்டு பிரிவாக வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். ஒரு பிரிவினரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் போனார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவ்வளவுதான். 2005ல் முடிவு வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, இப்படிப் பார்க்கப்பட்ட பிரிவில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மற்றப் பிரிவைவிட 34 சதவிகிதம் குறைந்திருந்தது. பெரிய யந்திரம் எதுவும் இல்லை, தோழர்களே. பார்க்கத் தெரிந்த கண்ணும் கொஞ்சம் வெளிச்சமும்தான்.

நமது சர்க்காருக்கும் இது தெரியாததல்ல. 2014ல் தேசிய வாய்நலத் திட்டம் போட்டார்கள். 2018 முதல் சுகாதார மையங்களில் 30 வயது தாண்டியவர்களுக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைகளில் வாய்ப் புற்றுநோயும் சேர்ந்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்கிறோம்: உங்களில் எத்தனை பேர் வாயில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள்?

பிரேசிலில் லோகத் தொழிலாளியாக இருந்து ஜனாதிபதியான லூலா, 2004ல் குடும்ப வைத்தியக் குழுவோடு பல் டாக்டரையும் உதவியாளரையும் பெரிய அளவில் இணைக்கும் திட்டம் கொண்டுவந்தார். அது சேரிகளுக்கும் போயிற்று. பல்லை அடைக்க மின்சார யந்திரம் கட்டாயம் என்பதும் இல்லை. சின்னச் சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டிவிட்டு ஒருவகைச் சிமெண்டால் அடைக்கும் முறையை 1980களில் தான்சானியாவில் உருவாக்கினார்கள். அந்தச் சிமெண்டை 2021ல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியை நெய்து ஊர் ஊராக அனுப்புவது நம் ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகள். நெய்கிறவன் வாய்க்கு வைத்தியம் இல்லை!

நாம் கேட்பது அதிகமில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்புப் பார்க்கிற ஊழியர் வாயையும் பார்க்கட்டும். அதற்குப் பயிற்சியும் டார்ச்சும் கொடுங்கள். அந்தப் பெண்கள் வாங்குவது சொற்பத் தொகை. வேலையைக் கூட்டினால் சம்பளத்தையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் அவர்களோடு நாமும் சேர்ந்து கேட்போம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் டாக்டர் நிரந்தரமாக இருக்கட்டும். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக வாரத்தில் இரண்டு நாளாவது மாலையிலும் பார்க்கட்டும். கர்ப்பிணிகள் வருகிற நாளில் அவர்கள் ஈறையும் பார்க்கட்டும். சர்க்கரைச் சீட்டிலேயே பல் நிலைமையையும் எழுதினால் ஒருவனை இரண்டு வாசலுக்கு விரட்ட வேண்டியதில்லை.

மகஜர் மேடைக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், கைநாட்டும் வையுங்கள். அதே மேஜையில் நமக்கு வேண்டிய பல் டாக்டர் ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறார். புகையிலை போடுகிறவர்கள் முதலில் போங்கள். மடியில் இருப்பதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு போங்கள்.