தட்டினால் திறக்குமா? கணினிகளின் வரவேற்பும் மறுப்பும்



இன்றைய பொருள் நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. மலாய் மொழியில் ‘பாகான்’ என்பது படகுகள் கரையேறும் இடத்தையும், ‘டாலாம்’ என்பது உட்புறத்தையும் குறிக்கும். அவ்வாறெனின் பாகான் டாலாமைத் தமிழில் ‘உள்துறை’ எனலாம். இதைக் கேட்டதும் அமைச்சு ஒன்று நினைவுக்கு வந்தால் அதற்கு நாம் பொறுப்பல்லோம். நீராடும் இடமும் துறை, கப்பல் அணையும் இடமும் துறை, அரசாங்கப் பிரிவும் துறை. கணினித் தமிழும் இச்சொல்லையே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கணினிக்கும் 1 முதல் 65,535 வரை எண்ணிட்ட துறைகள் உண்டு. இணையப் பக்கங்களுக்கு 80, மறையீடு செய்த பக்கங்களுக்கு 443, அஞ்சல் பரிமாற்றத்திற்கு 25 என்பது வழக்கம். எஞ்சியவற்றுள் மிகப் பல, ஆளில்லாமல் வெறுமனே கிடப்பவை.

ஒரு கணினி மற்றொன்றின் துறையை நாடும்போது நிகழ்வதென்ன? முதலில், “பேச விரும்புகிறேன், என் கணக்கு இந்த எண்ணிலிருந்து தொடங்கும்” என்று ஒரு செய்தி போகிறது. வழங்கி, “உன் எண் கிடைத்தது, என் கணக்கு இந்த எண்ணிலிருந்து தொடங்கும்” என்கிறது. முதற்கணினி, “உன் எண்ணும் கிடைத்தது” என்கிறது. அதன் பின்னரே பேச்சு தொடங்கும். தோட்டப்புறத்துப் பெரியவர்கள் தொலைபேசியை எடுத்ததும், “கேட்குதா?” “கேட்குது, உங்களுக்குக் கேட்குதா?” “கேட்குது” என்று மும்முறை உறுதி செய்துகொண்ட பிறகே நலம் விசாரிப்பார்கள். அவர்களைப் பார்த்து நகைத்த நாம், உலகம் முழுவதும் அதே முறையில்தான் இயங்குகிறது என்பதை அறியாதிருந்தோம்.

இம்முறைக்கு வரலாறும் உண்டு. இணையத்தின் செலுத்தக் கட்டுப்பாட்டு நெறிமுறைக்கு 1974 டிசம்பரில் முதல் விரிவான வரைவை எழுதிய மூவர் விண்டன் செர்ஃப், யோகன் தலால், கார்ல் சன்ஷைன் ஆகியோர். அவர்களுள் தலால் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். மின்னஞ்சல் முகவரியில் அட் குறியைப் புகுத்திய ரே டாம்லின்சனே இந்த மூவழி வணக்கத்தையும் 1975இல் செப்பனிட்டுத் தந்தார். 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்த ஆவணம் அதை நிலைபெறச் செய்தது.

இரண்டு முறை போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. விருந்தினர் ஒருவர், “உண்ண வருகிறேன்” என்று கடிதம் எழுதுகிறார். அது வழியில் எங்கோ சிக்கிக்கொள்ளவே, மறுபடியும் எழுதுகிறார். இரண்டாம் கடிதம் கிடைக்கிறது. வருகிறார், உண்கிறார், போகிறார். பிறகு முதற்கடிதம் சாவகாசமாக வந்து சேர்கிறது. வீட்டார் உடனே இலை விரித்துச் சோறு வடித்துக் காத்திருந்தால் அச்சோறு ஆறித்தான் போகும். அதற்கு மாறாக, “வாருங்கள், வருவது உறுதிதானே?” என்று கேட்டனுப்பினால், “நான் வந்து உண்டு போயாயிற்றே, மறந்துவிடுங்கள்” என்று பதில் வரும். கணினி உலகில் இத்தாமதம் பெரும்பாலும் சில நொடிகளே. ஆயினும் ஆறிய சோறு ஆறிய சோறுதான்.

பொய்க் கடிதம் எழுதுவோரும் உண்டு. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்னும் இணையச் சேவை நிறுவனத்தின் வழங்கிகளுக்குப் போலி முகவரிகளிலிருந்து “வருகிறேன், வருகிறேன்” என்ற செய்திகள் ஓயாமல் வந்தன. எவரும் வரவில்லை. இலைகள் எல்லாம் விரித்தாகிவிட்டதால் உண்மை விருந்தினருக்கு இடமில்லாமற் போயிற்று. அதே மாதத்தில் டேனியல் பெர்ன்ஸ்டைன் ஒரு வழி சொன்னார். இலையை முன்னதாக விரிக்க வேண்டா. வழங்கி அனுப்பும் தொடக்க எண்ணிலேயே விருந்தினரின் அடையாளத்தைப் பொதிந்து அனுப்பிவிட்டு, அவரை மறந்துவிடலாம். அவ்வெண்ணைத் திருப்பிக் கொண்டுவருபவருக்கு மட்டும் இலை. கலியாணப் பந்தியை நடத்திப் பழகிய நம் பாட்டிமாருக்கு இந்த நுட்பம் வியப்பளித்திராது.

இனி மறுப்புக்கு வருவோம். நாம் சொல்ல வந்ததும் இதுதான்.

எமது வார இறுதி வகுப்பில் ஒரு மாணவி, இரு மடிக்கணினிகள் ஒன்றோடொன்று பேசும் சிறு நிரலை எழுதினாள். இயக்கியதும் திரையில் தோன்றியது: ‘இணைப்பு மறுக்கப்பட்டது’. முகம் வாடிப்போய், “நான் என்ன தப்பு செஞ்சேன், சார்?” என்றாள். அவள் செய்த தவறு ஒன்றுமில்லை. அவள் தோழி மறுமுனை நிரலை இன்னும் இயக்கவில்லை, அவ்வளவே. ஆளில்லாத துறையைத் தட்டினால், அக்கணினி நொடிப்பொழுதில், “இங்கே எவருமில்லை” என்று சொல்லிவிடும். அது கெட்ட செய்தியன்று. கணினி உயிரோடு இருக்கிறது, பாதை சரியாக இருக்கிறது, முகவரியில் ஏதோ ஒரு வீடு இருக்கிறது என்பன அனைத்தும் அந்த ஒரு மறுப்பில் தெரிந்துவிடுகின்றன.

அடுத்த வாரம் வந்தது வேறு வகை. மறுப்பும் இல்லை, வரவேற்பும் இல்லை. தீயரண் தட்டியவரின் செய்தியை ஓசையின்றி விழுங்கிவிட்டது. திருடனுக்கு வீடு இருப்பதே தெரியக்கூடாது என்பது அதன் கொள்கை. ஆனால் நல்லவரும் வாசலில் நிற்க நேர்கிறது. லினக்ஸ் கணினி 2023 வரை இயல்பாக 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்த இடைவெளிகளில் மீண்டும் தட்டி, இறுதியில் 64 நொடி காத்து, ஆக 127 நொடிகளுக்குப் பின்னரே கைவிட்டது. நேர்காணலுக்குச் சென்று, “பிறகு அழைக்கிறோம்” என்ற சொல்லை நம்பிக் காத்திருந்தோர் இவ்வலியை அறிவர்.

மறுப்பு வந்தால் மறுமுனை நிரலைப் பார்க்க வேண்டும். மௌனம் வந்தால் வழியையும் தீயரணையும் பார்க்க வேண்டும். தீயரண்களுள் சில வாய்திறந்து மறுப்பதும் உண்டு என்பதால் இதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது. எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு இது போதும். அவ்வளவு வேறுபட்ட இரண்டையும் தமிழாக்கும்போது நாம் காட்டும் கவனம் குறைவு. ‘மறுக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினை, மறுத்தவர் யாரெனச் சொல்லாமல் பழியை மாணவர் தலையில் போடுகிறது. ‘நேரம் முடிந்தது’ என்பதோ தேர்வு மண்டப மணியோசை. ‘அத்துறையில் எவரும் இல்லை’, ‘மறுமொழி வரவில்லை’ என்று எழுதினால் என்ன? சொற்கள் சில கூடலாம். அந்த மாணவியின் முகம் வாடியிராது. கலைச்சொல் ஆக்கும் ஆசிரியர்கள் இதை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

விடைபெறும் முறையையும் சொல்லிவிடுகிறோம். இணைப்பைக் கணினிகள் ஒரேயடியாக அறுப்பதில்லை. ஒவ்வொரு திசையும் தனித்தனியே மூடப்படும். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் போகும் படகில் மட்டும் கட்டணம் வாங்கி, திரும்பும் திசையில் நெடுங்காலம் வாங்காமலிருந்த நம் ஊராருக்கு, இரு திசைக்கும் இரு கணக்கு என்பது புதிதன்று. ஒரு தரப்பு, “நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்” என்ற பின்னும், மறுதரப்பு தன் பேச்சைத் தொடரலாம், முன்னது கேட்டுக்கொண்டிருக்கும்.

எம் தரப்பை மூடிவிட்டோம். உங்கள் கேள்விகள் வரும் திசை இன்னும் திறந்திருக்கிறது.